தீப்பெட்டித் தபால்

இம்மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த மலர்க்குழு மாணவியர், "பிள்ளைத்தமிழைப் பற்றி எழுதிக் கொடுங்கள், அம்மா" என்றனர். என் எம்.ஃபில். ஆய்வு பிள்ளைத்தமிழில் அமைந்த விளையாட்டுப் பருவங்களைப் பற்றியது என்பதை அவர்கள் அறிவர். சப்பாணி, அம்புலி, சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனப் பருவந்தோறும் சான்று காட்டி எழுதினேன், பட்டமும் பெற்றேன். அந்த ஆய்வேட்டை எழுதிய காலத்தில் ஒரு குழந்தையோடும் உட்கார்ந்து நான் விளையாடியதில்லை என்பதை மட்டும் அதில் எங்கும் குறிப்பிடவில்லை. அக்குறையை இங்கே ஒப்புக்கொண்டு, பிள்ளைத்தமிழை எனக்கு இரண்டாம் முறை கற்பித்த இடத்தைப் பற்றி எழுத விரும்புகிறேன். அது ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு.

2014 ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் என் மகன் கொய்யா மரத்திலிருந்து விழுந்தான். அப்போது அவனுக்கு வயது 7. இடது தொடை எலும்பு முறிந்தது. காலில் பட்டை ஒட்டி, அதிலிருந்து ஒரு கயிற்றை இழுத்து, கட்டிலின் கால்மாட்டில் பொருத்திய கப்பியின் வழியே எடைக்கல்லைத் தொங்கவிட்டார்கள். தொடைத்தசை சுருங்கி எலும்பு முனைகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிவிடாதிருக்க அந்த இழுப்பு வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார். கட்டிலின் கால்மாட்டை இரண்டு செங்கற்களின்மேல் உயர்த்தி வைத்தனர். மாவுக்கட்டுப் போடுவதற்கு முன் 24 நாள்கள் அவன் அவ்வாறே மல்லாந்து கிடக்க வேண்டியிருந்தது. அதுவரை ஓரிடத்தில் 24 நிமிடம் இருந்தறியாதவன் அவன்.

எனக்குத் தெரிந்த கதைகளையெல்லாம் முதல் 3 நாள்களில் சொல்லித் தீர்த்தேன். அவன் சுவரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அம்புலிப் பருவத்தில் புலவர்கள், நிலவைக் குழந்தையோடு விளையாட வருமாறு அழைக்கச் சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கு வழிகளையும் கையாளுவர். நானும் நான்கையும் கையாண்டேன். கெஞ்சினேன், பொம்மை வாங்கித் தருவதாகச் சொன்னேன், எதிர்க்கட்டில் பையன் எவ்வளவு சமர்த்து என்றேன், இறுதியில் அதட்டினேன். அவன் சொன்ன மறுமொழி இன்றும் என் காதில் இருக்கிறது.

"உம்மா, இங்கே எல்லாரும் என்னை என்னமோ செய்றாங்க. நீயும் கதையைச் செய்றே."

தமிழ் இலக்கணப்படி அந்த வாக்கியம் பிழையானது என்று அப்போதும் எனக்குத் தோன்றியது. ஆசிரியத் தொழிலின் குணம் அப்படிப்பட்டது. ஆனால் பொருளில் பிழை இல்லை. இரத்தம் எடுப்பவர், வெப்பமானி வைப்பவர், உடம்பு துடைப்பவர், பார்க்க வந்து தலையைத் தடவி ஆரஞ்சுப் பழம் வைத்துச் செல்லும் உறவினர் என எல்லாரும் அவன்மீது ஏதோ ஒன்றைச் செய்துகொண்டிருந்தனர். செய்யும் நிலையில் இல்லாதவன் அவன் ஒருவன்தான்.

மாற்றம் என்னால் வரவில்லை. அந்தக் கப்பியால் வந்தது. ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, எடைக்கல் ஏன் கீழே விழுவதில்லை என்று கேட்டான். கப்பியை விளக்கினேன். சிறிது நேரம் கழித்து, "இன்னொரு கப்பி கிடைக்குமா?" என்றான். அடுத்த கட்டிலில் 8 வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். சிறுநீரில் புரதம் வெளியேறி முகமும் காலும் வீங்கும் நோய் அவளுக்கு. உப்பில்லாத உணவு. வீங்கிய முகத்தைப் பிறர் பார்க்கக் கூடாதென்று எந்நேரமும் துப்பட்டாவால் மூடிக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கடிதம் அனுப்ப வேண்டுமாம்.

என் மாமனார் தையற்கடை வைத்திருந்தவர். நூல் தீர்ந்த உருளைகள் அவரிடம் நிறைய இருந்தன. இரண்டு கட்டில்களின் தலைமாட்டுக் கம்பிகளிலும் ஆளுக்கோர் உருளையை மாட்டி, அவற்றைச் சுற்றி நூலை வளையமாகக் கட்டி, அதில் ஒரு தீப்பெட்டியை இணைத்தோம். நூலை இழுத்தால் பெட்டி போகும். மறுபுறம் இழுத்தால் திரும்பி வரும். முதலில் நாங்கள் நூலைக் கட்டில்களின் நடுப்பகுதியில் குறுக்காகக் கட்டியிருந்தோம். இரவுப்பணிச் செவிலியர் அதைக் கண்டதும் கத்தரித்துவிட்டார். மருந்துத் தட்டோடு இருட்டில் வருபவர் காலில் நூல் சிக்கினால் என்னாகும் என்று அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் விடையில்லை. தலைமாட்டில் சுவரையொட்டிக் கட்டலாம் என்று இடம் காட்டியவரும் அவரே.

அந்தப் பெட்டியில் முதலில் சென்றது ஒரு விடுகதை. "படுத்தவன் காலில் பழுக்காமல் தொங்கும் காய், அது என்ன?" விடை, எடைக்கல். அரைமணி நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து பெட்டி வந்தது. "உப்பில்லாமல் வரும், ஒருவரும் கேளாமல் வரும், அது என்ன?" விடையை நான் எழுத வேண்டியதில்லை. அந்தச் சோற்றை 24 நாள்கள் நானும் உண்டேன். விடுகதையை எழுதுவதற்காகத் துப்பட்டாவை விலக்கியவள், பிறகு அதைப் போட்டுக்கொள்ள மறந்துவிட்டாள்.

மகன் வீடு திரும்பி ஏறத்தாழ ஒரு மாதம் சென்றபின், பேருந்து நிலையத்தில் அச்சிறுமியின் தாயைக் கண்டேன். மீண்டும் வீக்கம் வந்து மகளைச் சேர்த்திருப்பதாகச் சொன்னார். "தபால் வருமான்னு கேட்டுக்கிட்டே இருக்கா, டீச்சர்." பக்கத்துக் கட்டிலில் கைக்குழந்தை இருப்பதால் நூல் கட்டியும் பயனில்லையாம்.

அந்த வாரம் நான் தனியே சென்றேன். மருத்துவமனைப் பொறுப்பாளர்களிடம் அனுமதி பெற்று, 2015 முதல் சனிக்கிழமைதோறும் மாலை 3 மணி முதல் 5 மணி வரை நம் மாணவியரையும் அழைத்துச் சென்றேன். இச்செயலை நாங்கள் சிறப்பாகத் தொடங்கினோம் என்று சொன்னால் அது பொய்யாகும். முதல் சனிக்கிழமை 14 பேர் சென்றோம். கஞ்சிரா அடித்துக் கூட்டுப்பாட்டுப் பாடினோம். பிரிவு முழுவதும் அமைதியாகிவிட்டது. குழந்தைகள் இரசிக்கிறார்கள் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் காய்ச்சலில் உறங்கிக்கொண்டிருந்த குழந்தை அலறி எழுந்தது. அதைத் தொடர்ந்து நான்கைந்து குழந்தைகள் அழுதன. தலைமைச் செவிலியர் எங்களை வெளியே அனுப்பினார். படியிறங்கும்போது மாணவியர் முகம் சுண்டியிருந்தது. அவர் செய்தது சரி என்று அன்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்று எழுதுகிறேன்: அவர் செய்தது சரி. அதன்பின் 4 பேருக்கு மேல் சென்றதில்லை. ஒருவர் ஒரு கட்டிலருகே உட்கார்ந்து, அந்தக் கட்டிலுக்கு மட்டும் கேட்கும் குரலில் பேச வேண்டும்.

இரண்டாவது தவறு ஓவியப் போட்டி. கல்லூரிப் பழக்கத்தால் முதற்பரிசு, இரண்டாம் பரிசு என்று அறிவித்துவிட்டேன். வலக்கையில் மருந்து நீர் ஏறிக்கொண்டிருந்த ஒரு பையன் இடக்கையால் எதையோ வரைந்து பார்த்தான். பின்பு தாளைக் கிழித்துத் தலையணையின் கீழ் வைத்துக்கொண்டான். அன்றோடு பரிசுகள் ஒழிந்தன. அன்று முதல் ஒவ்வொரு விளையாட்டையும் வீட்டில் ஒரு கையை முதுகுக்குப் பின்னே கட்டிக்கொண்டும், மல்லாந்து படுத்துக்கொண்டும் ஆடிப் பார்த்த பிறகே எடுத்துச் செல்வதை வழக்கமாக்கினோம். விடுதியில் நம் மாணவியர் இவ்வாறு தரையில் படுத்து ஒத்திகை பார்த்ததைக் கண்ட விடுதிக் காப்பாளர், என்னிடம் தனியே வந்து நலம் விசாரித்தார்.

பல்லாங்குழிக்குப் புளியங்கொட்டை எடுத்துச் சென்றோம். பக்கத்துக் கட்டிலின் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனதை அதன் பாட்டி பார்த்துவிட்டார். புளியங்கொட்டையும் முடிந்தது. களிமண் கொண்டு சென்றபோது, ஒரு குழந்தையின் கை பட்டதை மற்றொரு குழந்தை தொடலாகாது என்று மருத்துவர் தடுத்தார். இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றப்படும் குழந்தைகளுக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்; நமக்குச் சாதாரணமான கிருமி அவர்களுக்கு ஆபத்து. ஆகவே தாள், அட்டை, நூல் ஆகியவற்றையே பெரிதும் பயன்படுத்துகிறோம். ஒரு குழந்தைக்குக் கொடுத்தது அக்குழந்தைக்கே உரியது; திரும்ப வாங்குவதில்லை. தீப்பெட்டியின் பக்கவாட்டு மருந்தின்மேலும் தாள் ஒட்டிவிடுகிறோம்.

மற்றொரு செய்தியும் உண்டு. மருத்துவமனையில் எந்த விளையாட்டும் எந்த நொடியிலும் நின்றுபோகும். ஊசி வரும், எக்ஸ்-ரே அறைக்குத் தள்ளுவண்டி வரும், இல்லையெனில் தூக்கம் வந்துவிடும். ஆதலால் இடையில் விட்டாலும் குறைபடாத விளையாட்டுகளாக அவை இருக்க வேண்டும். தாள் குவளைகளைக் கோபுரமாக அடுக்கி, கசக்கிய தாளுருண்டையால் அடித்து வீழ்த்துவது அத்தகையது. அதற்கு ஒரு கை போதும், சத்தமும் எழாது. அடுக்குவதை நாங்கள் செய்வோம், இடிப்பது குழந்தை. எத்தனை முறை இடித்தாலும் அவர்களுக்குச் சலிப்பதில்லை. சிற்றிற் பருவத்தில் சிறுமியர் மணல்வீட்டைச் சிதைக்க வேண்டா எனப் பாட்டுடைத் தலைவனை வேண்டுவர். அந்த வேண்டுகோளின் சொல்நயத்தை என் ஆய்வேட்டில் பல பக்கங்களில் எழுதினேன். சிதைப்பதில் ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் ஆட்சியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

இவை யாவும் நாங்கள் கண்டுபிடித்தவை என்று யாரும் கருத வேண்டா. பின்னர்ப் படிக்கத் தொடங்கியபோதுதான், நாங்கள் தட்டுத்தடுமாறிச் சென்ற பாதையில் பலர் முன்னரே நடந்திருப்பதை அறிந்தேன். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், அறுவைச் சிகிச்சைக்காகத் தாயைப் பிரிந்து 8 நாள்கள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படமெடுத்து 1952 இல் வெளியிட்டார். அக்காலத்தில் அங்குப் பெற்றோர் பார்வையிட மிகக் குறைந்த நேரமே அளிக்கப்பட்டது. குழந்தை அழாமல் இருந்தால் பழகிவிட்டது என்று எண்ணினர். அது அடங்கிய துயரம் என்பதை அப்படம் காட்டியது. 1959 இல் அந்நாட்டு அரசுக்கு அளிக்கப்பட்ட பிளாட் குழு அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்துபோகவும் குழந்தைகளின் கல்விக்கும் விளையாட்டுக்கும் ஏற்பாடு செய்யவும் பரிந்துரைத்தது. வியன்னாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எம்மா பிளாங்க் என்னும் ஆசிரியை, 1955 இல் கிளீவ்லாந்து நகர மருத்துவமனையில் நோயுற்ற குழந்தைகளுக்கென ஒரு தனித்திட்டத்தைத் தொடங்கினார். 1962 இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். இதில் நமக்கும் முன்னோர் உண்டு. 1488 இல் எதிர்னே நகரில் சுல்தான் இரண்டாம் பாயசீத் கட்டிய மருத்துவமனையில், நோயாளிகளுக்காக இசைவாணர்கள் வாரம் மும்முறை இசைத்தார்கள் என்று 17 ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி எழுதியிருக்கிறார். ஐக்கிய நாடுகள் அவை 1989 இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31 ஆம் பிரிவு விளையாட்டை ஓர் உரிமை என்கிறது. இந்தியா அதில் 1992 இல் இணைந்தது. நோயுற்ற குழந்தைக்கு அவ்வுரிமை இல்லை என்று அதில் எழுதப்படவில்லை.

இவ்வளவும் படித்த பிறகு என் மாமனாரிடம் விளக்கினேன். "நோயாளியைப் பார்க்கப் போறது நன்மைதாம்மா. அங்கே போய் விளையாட்டா?" என்று அவர் முதலில் தயங்கியவர். நான் நூல்களிலிருந்து சொன்னவை அவரை அசைத்ததாகத் தெரியவில்லை. ஒருநாள் வெட்டுத்துணியில் பொம்மை தைத்துத் தருமாறு கேட்டேன். 10 பொம்மைகள் தைத்தார். அவற்றில் ஒன்றுக்குத் தொடையில் கட்டுப் போட்டிருந்தது.

அந்தப் பொம்மைகளை வைத்து ஆடிய விளையாட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செவிலியரின் இசைவோடு, ஊசிமுனை இல்லாத புதிய மருந்துக் குழல்களைக் குழந்தைகளிடம் கொடுத்தோம். முதலில் அவற்றில் வண்ணநீர் ஏற்றித் தாளில் பீய்ச்சினார்கள். பிறகு, யாரும் சொல்லாமலே, பொம்மைகளின் பக்கம் திரும்பினார்கள். 6 வயதுச் சிறுமி ஒருத்தி தன் பொம்மைக்கு 14 ஊசி போட்டாள், நான் எண்ணினேன். ஒவ்வொரு முறையும் பஞ்சால் துடைத்தாள். இறுதியில் அதனிடம், "அழணும்னா அழுதுக்கோ. கையை மட்டும் ஆட்டாதே" என்றாள். அருகில் நின்ற செவிலியர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுவாரம் அவரே வந்து, அச்சிறுமிக்கு ஊசி போடும்போது அந்தச் சொற்களையே தாமும் சொல்வதாகக் கூறினார். அழக்கூடாது என்று சொல்வதை விட்டுவிட்டாராம். ஊசி போடும் நேரத்தில் சோப்பு நுரைக் குமிழி ஊதச் சொல்வதும் அவ்வாறு வந்த பழக்கமே. நீளமாக மூச்சை வெளிவிடும்போது உடம்பு தளர்கிறது. கண்ணும் குமிழியின் பின்னே போகிறது.

நாங்கள் கடைப்பிடிக்கும் முறைகளில் எனக்கு மிகவும் பெரிதாகத் தோன்றுவது, "வேண்டாம்" என்று எழுதிய சிவப்பு அட்டை. கட்டிலில் அதைக் குழந்தை தொங்கவிட்டால் நாங்கள் அங்கே நிற்பதில்லை, காரணமும் கேட்பதில்லை. மருத்துவரையோ ஊசியையோ மருந்தையோ வேண்டாம் எனச் சொல்ல அக்குழந்தைக்கு இயலாது. எங்களைச் சொல்லலாம். 9 வயதுப் பையன் ஒருவன் 5 சனிக்கிழமைகள் தொடர்ந்து அட்டையைத் தொங்கவிட்டான். ஆறாம் வாரமும் அட்டை தொங்கியது. நாங்கள் கடந்து செல்லும்போது, "இன்னைக்கும் வேண்டாம். அங்கே நின்னு விளையாடுங்க, பார்க்கிறேன்" என்றான். இரண்டு மாணவியர் அவன் பார்வைபடும் இடத்தில் நின்று ஒரு மணி நேரம் ஆடுபுலி ஆட்டம் ஆடினர். புலியை எங்கே நகர்த்த வேண்டும் என்று அவன் கட்டிலிலிருந்தே கட்டளையிட்டுக்கொண்டிருந்தான்.

கைப்பேசியைப் பற்றிக் கேட்பார்கள். இன்று ஏறத்தாழ ஒவ்வொரு கட்டிலிலும் ஒன்று இருக்கிறது. அதைப் பிடுங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இரவு 2 மணிக்கு வலியோடு விழித்திருக்கும் குழந்தைக்கும் தாய்க்கும் அது துணையாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அடுத்த கட்டிலில் இருப்பவரின் பெயரைக் கைப்பேசி கேட்டுச் சொல்வதில்லை. தீப்பெட்டிக்கு மறுமுனையில் ஓர் ஆள் வேண்டும்.

இனி எழுதுவது, எழுதலாமா என்று நெடுநாள் தயங்கிய செய்தி.

2018 இல் முதுகலை முதலாண்டு மாணவி ஒருத்தி, நல்ல கதைசொல்லி, ஒரு பையனுக்குத் தொடர்கதை சொல்லத் தொடங்கினாள். கடலுக்குள் போன ஓர் ஆட்டுக்குட்டியின் கதை. வாரந்தோறும் ஓர் இக்கட்டான இடத்தில் நிறுத்தி, "மிச்சம் அடுத்த சனிக்கிழமை" என்று வந்துவிடுவாள். இதழ்களில் வரும் தொடர்கதை உத்திதான். சொல்லிக் கொடுத்தவள் நான். எதிர்பார்ப்பு ஒரு மருந்து என்று விளக்கமும் தந்திருந்தேன். நான்கு வாரம் சென்றது. ஐந்தாம் சனிக்கிழமை அந்தக் கட்டிலில் வேறொரு குழந்தை இருந்தது. மாற்றிவிட்டார்களா என்று கேட்டோம். செவிலியர் தலையை அசைத்தார். பின்னர் அவர், வியாழன் இரவு அவன் தன் தாயிடம், ஆட்டுக்குட்டி கரைக்கு வந்ததா என்று கேட்டதாகவும், தாய்க்குக் கதை தெரியாததால் வந்துவிட்டது என்று சொன்னதாகவும் கூறினார்.

அம்மாணவி அன்று பேருந்தில் ஒரு சொல்லும் பேசவில்லை. அதன்பின் மருத்துவமனைக்கு வரவில்லை, நானும் அழைக்கவில்லை. தவறு அவளுடையதன்று என்று பலமுறை சொன்னேன். யாருடையது என்பதை அவளும் அறிவாள், நானும் அறிவேன். அன்று முதல் எங்கள் கதைகள் யாவும் அன்றன்றே முடிகின்றன. ஆடுகள் கரை சேர்கின்றன. அடுத்த வாரம் வருவோம் என்று எந்தக் குழந்தையிடமும் சொல்வதில்லை, வருகிறோம், அவ்வளவே. இவ்வாண்டு தொடக்கத்தில் அம்மாணவி, இப்போது அவளும் ஓர் ஆசிரியை, எனக்கு ஓர் உறை அனுப்பியிருந்தாள். உள்ளே ஆட்டுக்குட்டிக் கதையின் முடிவு, 3 பக்கம், அவள் கையெழுத்தில் இருந்தது. அதை நான் யாருக்கும் படித்துக்காட்டவில்லை. என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

2020 இல் கொரோனா காலத்தில் செல்வது நின்றது. 2022 இல் மீண்டும் அனுமதி கிடைத்தபோது பிரிவுக்கு வெள்ளையடித்திருந்தார்கள். நூல் கட்டுவதற்காகச் சுவரில் நாங்கள் அடித்திருந்த ஆணிகளை மட்டும் பிடுங்காமல் அவற்றின் மேலேயே சுண்ணாம்பு பூசியிருந்தனர்.

அம்புலிப் பருவத்தில் குழந்தை நிலவிடம் போவதில்லை. நிலவுதான் இறங்கி வர வேண்டும் என்பது புலவர்களின் கட்டளை. என் மகனின் கட்டிலருகே 24 நாள்கள் இருந்தபோதுதான் இதன் நியாயம் எனக்கு விளங்கியது. ஆய்வேட்டில் இதைச் சேர்க்க இயலாது. மறுபதிப்பு காணும் நூலன்று அது.

மலர்க்குழுவினர், கட்டுரையின் முடிவில் மாணவியர்க்கு ஏதேனும் சொல்லுங்கள் என்று கேட்டுள்ளனர். தீப்பெட்டி கையிருப்பு குறைந்துவிட்டது. இப்போது பல வீடுகளில் லைட்டர் வந்துவிட்டதால் முன்போல் கிடைப்பதில்லை. வைத்திருப்போர் தமிழ்த்துறை அறையில் கொடுக்கலாம். பெட்டி மட்டும் போதும். குச்சிகளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.